தோண்ட மட்டும் நேரம் இருக்கு

கிதே மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

தங்கை ஹேசுக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் சமாதிக்கு முன்னால் நிற்கிறோம், கையில் படையலுக்கான சோஜு சாராயக் கிண்ணம் இருக்கிறது, இவன் என்னவோ ரயிலைத் தவறவிடப் போகிறவன் மாதிரி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். தலைமகன் இவன்தான். வீட்டில் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் இவனுடையதுதான்.

"ஒழுங்கா ஊத்துண்ணா."

"ஊத்திக்கிட்டுதான இருக்கேன்."

"கார் கண்ணாடி கழுவுற மாதிரி இருக்கு."

தம்பி ஜேவொன் சிரிப்பை மறைக்க மலையடிவாரத்து ரிசர்வாயர் பக்கம் திரும்பிக்கொண்டான். சற்றுத் தள்ளி பாங் மேஸ்திரியும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் மண்வெட்டியில் கை ஊன்றிக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு இது பழகிப்போனது. அதிக மாதம் வந்தாலே கொசாங் மலைகளில் குடும்பச் சண்டை கேட்காத சரிவு கிடையாது.

போன வாரம் பூசானில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் இது ஆரம்பித்தது. மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே, "அப்பாவ எடுத்துரலாம்னு இருக்கேன்," என்றான் கிதே. சில வருஷங்களுக்கு ஒரு தடவைதான், காலண்டரில் கூடுதலாக ஒரு மாதமாக, அதிக மாதம் வருகிறது. அந்த மாதத்தில் தெய்வங்கள் கண்ணை மூடிக்கொள்ளும், சமாதியை அசைத்தால் குற்றமில்லை. எடுத்து எரித்து, சாம்பலைத் தன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அஸ்தி மண்டபத்தில் வைத்துவிடலாம். கண்ணாடிப் பெட்டி, விளக்கு, குளிர்சாதனம். "முக்கியமா, அங்க புல்லு மொளைக்காது," என்று அவன் சொன்ன விதத்தில்தான் ஹேசுக் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

கடைசியில் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா முட்டைக்கோஸ் கிம்ச்சியைக் கத்தரித்துக்கொண்டே, "ஒங்களுக்கு எப்படித் தோணுதோ," என்றாள். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. முடிவாகிவிட்டது.

இன்று சனிக்கிழமை. தகன மேடையில் மதியத்துக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது. அம்மா வருவேன் என்று அடம்பிடித்து வந்துவிட்டாள். மூட்டு வலியோடு மலை ஏறமுடியாதென்று கீழே சாலையோரம் காரிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

வழக்கப்படி மூத்த மகன்தான் முதல் வெட்டு வெட்ட வேண்டும். அதற்குமுன் உள்ளே இருப்பவருக்கு மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும், தூங்குகிறவர் பதறி எழக்கூடாது என்று.

"அப்பா, தெறக்குறோம்," என்றான் கிதே.

"சத்தமா சொல்லுண்ணா. அப்பாவுக்குக் காது மந்தம்," என்றான் ஜேவொன்.

கிதே முறைத்தான். பிறகு, "அப்பா, தெறக்குறோம். அப்பா, தெறக்குறோம்," என்று மிச்சத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் கடப்பாரையை ஓங்கிச் சமாதி மேட்டின் விளிம்பில் இறக்கினான். புல்லோடு ஒரு கட்டி மண் பெயர்ந்து உருண்டது.

"யார்ரா அது? எங்க மாமனார் தலைமாட்டுல கடப்பாரையப் போடுறது?"

கீழேயிருந்து ஒரு பெண் ஏறி வந்துகொண்டிருந்தாள். முகத்தையே மூடுகிற அகலமான வெயில் தொப்பி, பூப்போட்ட கை உறை, காலில் ரப்பர் பூட்ஸ். ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஒடித்த மரக்கிளை. கிளையை அவள் பிடித்திருந்த விதம் ஊன்றி நடப்பதற்கானது போலத் தெரியவில்லை.

கிதே அலுவலகக் குரலை எடுத்தான். "அம்மா, நீங்க எடம் மாறி வந்துட்டீங்க போல. இது எங்க அப்பா சமாதி."

"ஒங்கப்பா என்ன வம்சம்?"

"யொம்."

"அப்ப இவரு ஒங்கப்பா இல்ல. இவரு பியோ. மொதல்ல காலை எடு."

கிதேவின் பளபளப்பான காலணி மேட்டின்மீதுதான் இருந்தது. எடுத்துவிட்டான். ஆனால் விடவில்லை. "அம்மா, வருஷா வருஷம் ஆள் விட்டு நாங்கதான் இங்க புல்லு வெட்டுறோம். போட்டோ இருக்கு. காட்டவா?"

அந்தப் பெண் தொப்பியைத் தூக்கி அவர்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தாள்.

"நீங்களா வெட்டுறது?"

"ஆமா."

"அடப்பாவிங்களா. எங்க கொழுந்தன் வெட்டுறான்னுல்ல நாங்க நெனச்சுக்கிட்டு இருக்கோம்." அவள் பையைக் கீழே போட்டாள். "தூரத்துலேந்து பாத்தா சுத்தமா இருக்கும். சரி, அவன் பாத்துக்குறான், நாம எதுக்கு ஏறணும்னு அப்படியே போயிடுவோம். ஒவ்வொரு அறுவடைப் பண்டிகைக்கும் அவனுக்கு ஒரு பெட்டி பேரிக்கா அனுப்புறேன். நல்ல பேரிக்கா. வாயே தொறக்காம வாங்கித் தின்னுருக்கான் பாரு, நாசமாப் போறவன்."

ஜேவொன் இப்போது சிரிப்பை மறைக்கக்கூட முயலவில்லை. ஹேசுக் அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

"ஆதாரம் வேணும்," என்றான் கிதே.

அந்தப் பெண் மண்டியிட்டாள். சமாதிக்கு முன்னால் படையல் வைக்கிற பலகைக்கல் ஒன்று இருந்தது. அதன் முகப்பு முழுக்கப் பாசி. பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து ஊற்றி, கழுத்தில் கிடந்த துண்டால் தேய்த்தாள். பாத்திரம் விளக்குகிறவளின் தேய்ப்பு. பச்சை வழிந்துகொண்டு வந்தது. அடியில் எழுத்து தெரிந்தது.

கிதே படித்தவன். சமாதிக் கற்களில் வெட்டுகிற பழைய சீன எழுத்துகளெல்லாம் அவனுக்குத் தெரியும். குனிந்து பார்த்தவன் நிமிர நேரமெடுத்தது.

"என்னண்ணா?" என்றாள் ஹேசுக்.

"பியோ," என்றான்.

பாங் மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து சிகரெட்டை எடுத்தார். மலையில் நெருப்பு கூடாது என்பது ஞாபகம் வந்து திரும்ப வைத்துக்கொண்டார்.

ஹேசுக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, அவமானமும் இல்லை. அந்தக் கல்லைப் பற்றிய ஒரு சின்ன சந்தோஷம் அவளுக்குள் சில வருஷங்களாக இருந்தது, அது செத்தது.

அப்பாவைப் புதைத்தபோது கல் எதுவும் வைக்கவில்லை. அடுத்த வருஷம் வைக்கலாம் என்றார்கள். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். பிறகு புல் வெட்டுகிற கம்பெனிக்கு விட்டாயிற்று. முதல் தடவை குடும்பக் குழுவில் அண்ணன் போட்டோவைப் போட்டபோது, மேட்டுக்கு முன்னால் இந்தக் கல்லைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லாமல் அண்ணன் வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். அன்று தேகு நகரத்தில் தன் பதார்த்தக் கடையில் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அவன் கத்தியபோதெல்லாம், பரவாயில்லை, இவன் கல் வைத்தவன் என்று பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணா, இந்தக் கல்ல நீ வைக்கலையா?"

"நானா? நீயும் அம்மாவும் சேந்து வெச்சீங்கன்னு நெனச்சேன்."

"நான் அக்கான்னு நெனச்சேன்," என்றான் ஜேவொன். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"கேக்க வேண்டியதுதான?" என்றான் கிதே.

"நீ கேட்டியா?"

"கல்லு வெச்சவங்க அவங்களா சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

"இல்ல. கேட்டா கல்லுக்கான செலவுல பங்கு குடுக்கணும்னு இருந்த," என்றாள் ஹேசுக். சொல்லி முடித்தபோதே அது தனக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் சத்தமாகச் சொன்னாள். "பங்கு குடுக்கணும்னு பயந்த."

கிதே போனை எடுத்துப் புல் வெட்டுகிற கம்பெனிக்குக் கூப்பிட்டான். ஒலிபெருக்கியில் போட்டு, எல்லோரும் கேட்கும்படி திட்டத் தொடங்கினான். மறுமுனையில் இருந்த இளைஞன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

"சார், பெரிய பைன் மரத்துக்கு வலதுபக்கம்னு நீங்கதான சொன்னீங்க. ஒவ்வொரு தடவையும் வெட்டினதும் போட்டோ அனுப்பி, சரியான்னு கேக்குறோம். நீங்க கட்டைவிரல் போடுறீங்க. போன தடவ கைதட்டுற பொம்மையும் போட்டிருக்கீங்க சார்."

கிதே போனை அணைத்தான்.

"அப்ப நம்ம அப்பா எங்க?" என்றான் ஜேவொன்.

சரிவு முழுக்க மேடுகள் இருந்தன. யாரும் வெட்டாத மேடுகள். முள்ளும் கருவாலி மரக் கன்றும் மூடி, மழையில் கரைந்து, எது சமாதி எது சும்மா மண் என்று பிரிக்க முடியாதபடி. பெரிய பைன் மரம் என்று ஒன்று இப்போது அங்கே இல்லவே இல்லை. நோய் வந்து வெட்டிப்போட்ட கட்டைகளைப் பச்சைத் தார்ப்பாயில் சுற்றி அங்கங்கே குவித்திருந்தார்கள். அதில் எது அந்த மரம்?

"பாறைக்கு இடது பக்கம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றான் கிதே.

"எந்தப் பாறை?"

"ஒரு பாறை இருந்துச்சு."

"அங்கேருந்து பாத்தா ரிசர்வாயர் தெரிஞ்சுது," என்றான் ஜேவொன்.

"எங்கேருந்து பாத்தாலும் ரிசர்வாயர்தான்டா தெரியும். மலைடா இது."

ஹேசுக் யோசித்துப் பார்த்தாள். புதைத்த அன்று மழை. அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள், அந்தக் கையையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அண்ணன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறியது. அண்ணன் யாருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு ஏறினானோ.

பாங் மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். "ஒரு வார்த்த சொல்லிடுறேன். இதா இருக்கும், அதா இருக்கும்னு சும்மா தொறந்து பாக்க முடியாது. அடுத்தவங்க ஆளத் தொறந்துட்டா என் மேல கேஸு. கைகாட்டி, இதுதான்னு ஒருத்தர் சொல்லணும். மத்தியானம் வரைக்கும் நிக்கிறேன். அப்புறம் எனக்கு எதிர் மலையில வேல."

"அம்மாகிட்ட கேட்டா முடிஞ்சுது," என்றான் கிதே. "ஹேசுக், ஓடு. பாறைக்கு எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டுட்டு வா."

"ஏன், நீ ஓடக் கூடாதா?"

"நான் தகன மேடைக்குப் பேசணும்."

பியோ வீட்டு மருமகள் அவர்கள் யாரையும் கவனிக்கவில்லை. பெயர்ந்த மண்கட்டியைப் புல்லோடு எடுத்து வெட்டு விழுந்த இடத்தில் பொருத்தி, உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். "பாத்துக்குங்க மாமா. ஒங்க பிள்ளையவிட யாரோ பெத்த பிள்ள ஒழுங்கா வெட்டிருக்கு," என்று முணுமுணுத்தாள். வாழ்த்தா வசவா என்று தெரியவில்லை.

ஹேசுக் இறங்கினாள்.

அம்மா காரின் பின் இருக்கையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஊதா நிறப் பஞ்சு மேல்சட்டை. அப்பாவுக்குப் பிடித்த காய்ந்த மீனும் மக்கொல்லி என்கிற அரிசிக் கள்ளும் துணி மூட்டையில் மடியில் இருந்தன. மேலே எடுத்துப் போங்கள் என்று காலையில் நீட்டினாள். நேரமாகிறது, பிறகு வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று போய்விட்டார்கள்.

ஹேசுக் மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"கல்லு இருக்குமே," என்றாள் அம்மா. "நீ போன்ல காட்டினியே. கல்லு வெச்ச சமாதி."

"அது நம்ம கல்லு இல்லம்மா. அது வேற யாரோ."

அம்மா மடியில் இருந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள். ரிசர்வாயரில் ஒரு வாத்து தலைகுப்புற முங்கி, எழுந்து, மறுபடி முங்கியது.

"அப்பா எங்க இருக்காருன்னு ஒனக்குத்தான் தெரியும். அண்ணன் கேட்டுட்டு வரச் சொன்னான். பாறைக்கு எந்தப் பக்கம்?"

"தெரியும்," என்றாள் அம்மா.

ஹேசுக் காத்திருந்தாள்.

"ஆனா சொல்ல மாட்டேன்."

"அம்மா."

"என்ன அம்மா? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். போய் ஒங்கண்ணன்கிட்ட சொல்லு."

சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அண்ணனே இறங்கி வந்துகொண்டிருந்தான், பின்னாலேயே ஜேவொன். காரை நெருங்கும்போதே, "எந்தப் பக்கமாம்?" என்று கேட்டான்.

"சொல்ல மாட்டாங்களாம்," என்றாள் ஹேசுக்.

"என்ன வெளையாட்டும்மா இது? அங்க ஆளுங்க நிக்கிறாங்க. மத்தியானத்துக்குள்ள கொண்டுபோகலேன்னா எடம் போயிடும். அதிக மாசம் முடியுது. இத விட்டா எப்பன்னு தெரியாது."

"வெளையாட்டா?" அம்மாவின் குரல் ஏறவில்லை. இறங்கியது. சின்ன வயதில் அவர்கள் மூவரும் பயந்தது அந்தக் குரலுக்குத்தான். "ஒவ்வொரு பண்டிகைக்கும் கேட்டேன். என்னை ஒரு தடவ மலைக்குக் கூட்டிட்டுப் போங்கடான்னு கேட்டேன். நீ என்ன சொன்ன? ரோடு நெரிசல்னு சொன்ன."

"நெரிசல் இல்லியாம்மா? பண்டிகையன்னிக்கி..."

"இவன் என்ன சொன்னான்? மகளுக்குப் பரீட்சன்னான். அவ பரீட்ச எழுதி, காலேஜும் முடிச்சுட்டா. இன்னும் பரீட்ச முடியல."

ஜேவொன் தரையைப் பார்த்தான்.

"இவ." அம்மா ஹேசுக்கைப் பார்க்கவில்லை, கையை மட்டும் நீட்டினாள். "பண்டிகை நேரத்துலதாம்மா கடையில வியாபாரம்னா. ஊர்ல எல்லாரு வீட்டுப் படையலுக்கும் இவ பொரிச்சுக் குடுப்பா. சொந்த அப்பனுக்குப் போட்டோவுக்குக் கீழ ஒரு இதயப் பொம்மை."

"அம்மா, போதும்," என்றான் கிதே.

"போதாது. புல்லு வெட்ட ஒருத்தனுக்கும் ஒரு நாள் கெடைக்கல. அந்த மனுசனத் தோண்டி எடுக்கணும்னதும் மூணு பேருக்கும் லீவு கெடச்சுருச்சு. அது எப்படிடா கெடைக்குது? எனக்குச் சொல்லிக் குடு. தோண்ட மட்டும் நேரம் இருக்கு."

கிதேவின் காது மடல் சிவந்தது. "சரி. தப்புதான். ஒத்துக்குறேன். அதனாலதான் பக்கத்துல கொண்டு வைக்கலாங்குறேன். வாரா வாரம் பாக்கலாம்."

"என் வீடு ஒன் வீட்டுலேந்து எவ்வளவு தூரம்?"

அம்மா இருப்பது பூசானிலேயேதான். இரண்டு பேருந்து நிறுத்தம்.

"வாரா வாரம் வர்றியா?"

"அம்மா, நான் வேல பாக்குறவன். எனக்குக் கீழ எத்தன பேரு இருக்காங்கன்னு தெரியுமா? இன்னிக்கி சாயங்காலம்கூட எனக்கு..." சொல்லிக்கொண்டே, பழக்கத்தில் மணிக்கட்டைத் திருப்பினான்.

ஹேசுக் அந்தக் கையைப் பிடித்துக் கீழே தள்ளினாள்.

"கழட்டு அத."

"கைய விடு."

"கழட்டி ரிசர்வாயர்ல போடு. காலையில இருந்து அதுக்குத்தான் கும்பிடு போட்டுக்கிட்டு இருக்க, அப்பாவுக்கு இல்ல."

"நீ மட்டும் பெரிய யோக்கியமா?" கிதேவும் கத்தினான். "மலையேறும்போது ஒன் போன் எத்தன தடவ அடிச்சுது? மூணு மணிக்குள்ள தேகுல இருக்கணும்னு வண்டியிலயே சொல்லிக்கிட்டு வந்தது யாரு? சமாதிய மாத்தக் கூடாதுன்னு என் வீட்டு மேசையில குதிச்சியே, கடைசியா நீ எப்ப இங்க வந்த? சொல்லு. எந்த வருஷம்?"

ஹேசுக் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். வருஷம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. திரையில் யங்ஜா. கடையில் அவளோடு கூட்டு சேர்ந்து நிற்பவள். சனிக்கிழமைதான் வாரத்திலேயே பெரிய நாள்.

"எடு," என்றான் கிதே. "எடுத்துப் பேசு. வியாபாரம் போயிடும்."

ஹேசுக் எடுத்தாள்.

"ஆமா, யங்ஜா... இல்ல, வரல... மூணு மணிக்கும் இல்ல, சாயங்காலமும் இல்ல. கடைய சாத்திட்டுப் போ... தெரியும், கீரையெல்லாம் வெந்துருக்கும். நீ எடுத்துட்டுப் போ, மிச்சத்த அக்கம்பக்கம் குடு... கல்யாண ஆர்டர்தான், ஞாபகம் இருக்கு. அவங்ககிட்ட நானே மன்னிப்பு கேட்டுக்குறேன்... நாளைக்கா? நாளைக்கும் இப்ப சொல்ல முடியாது. எங்கப்பாவத் தொலைச்சுட்டோம். தேடிக்கிட்டு இருக்கோம்."

ஹேசுக் போனை முழுவதுமாக அணைத்து, காரின் முன் இருக்கையில் எறிந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவுக்கு முன்னால் போய், அம்மாவுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள்.

"ஏறும்மா."

"சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன்ல."

"சொல்ல வேணாம். நீ பாக்க வா."

"என்னையத் தூக்குவியா நீ? இடுப்பு போயிடும்."

"தெனம் அரிசி மூட்ட தூக்குறேன். ஏறு."

"அக்கா, நான் வேணா..." என்று ஜேவொன் முன்னால் வந்தான்.

"நீ அந்த மூட்டைய எடுத்துட்டு வா. மக்கொல்லி சிந்தாம."

அம்மா ஏறிக்கொண்டாள். மேல்சட்டைக்குள் இவ்வளவு குறைவாகத்தான் அம்மா இருக்கிறாள் என்பது ஹேசுக்குக்கு அப்போதுதான் தெரிந்தது. அரிசி மூட்டையெல்லாம் இல்லை. அதில் பாதிகூட இல்லை. கோபம் வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது. அதை மாறவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

கிதே முன்னால் போனான். மேலே போய், "மேஸ்திரி, அம்மா வர்றாங்க. கைகாட்டுவாங்க. ஆளுங்கள ரெடியா இருக்கச் சொல்லுங்க," என்று சொல்வது கேட்டது. அம்மாவின் பிடிவாதம் மலையேறியதும் இறங்கிவிடும் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். அவன் போடுகிற கணக்கெல்லாம் அப்படித்தான்.

ஜேவொன் மூட்டையைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்தியபடி பின்னால் வந்தான். முள் அவன் கால்சட்டையைப் பிடித்து இழுத்தது. "அம்மா, நான் அந்தப் பரீட்ச விஷயத்த..." என்று ஆரம்பித்தான்.

"பேசாம வா," என்றாள் அம்மா.

பாதி வழியில் ஒரு சமதளம். ஹேசுக் நின்று மூச்சு வாங்கினாள். அங்கிருந்து சரிவு முழுவதும் தெரிந்தது. முதுகில் அம்மா தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

"பெரிய பைன் எங்க?"

"நோய் வந்து வெட்டிட்டாங்களாம்."

"இங்கேருந்து ஒரு பாத போகுமே."

"எந்தப் பக்கம் போகும்?"

அம்மா கழுத்தை எக்கித் தேடினாள். ஹேசுக் மறுபடி நடந்தாள். முள்ளில் கால் சிக்கி ஒரு தடவை சறுக்கியது. அம்மாவின் கைகள் கழுத்தில் இறுகின. பிறகு தளரவே இல்லை.

பாசி வழித்த கல்லுக்குப் பக்கத்தில் பியோ வீட்டு மருமகள் ஆப்பிள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர்கள் கடந்து போகும்போது எழுந்து அம்மாவுக்குத் தலை குனிந்தாள். "ஒங்க பிள்ளைங்க எங்க வீட்டு ஆளுக்கு ரொம்ப நாளா நல்லது பண்ணிருக்காங்கம்மா," என்றாள். இந்தத் தடவை வசவு இல்லை.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தாள். போட்டோவில் பார்த்த கல்.

அதைத் தாண்டி கொஞ்ச தூரம் ஏறியதும் அம்மாவின் வாய் ஹேசுக்கின் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

"நில்லு."

நின்றாள்.

"எனக்குத் தெரியலடி."

மேலே மண்வெட்டி ஒன்று கல்லில் உரசும் சத்தம் வந்தது.

"என்னம்மா சொல்ற?"

"எங்க இருக்காருன்னு எனக்கும் தெரியல. மரத்த வெச்சுத்தான் நான் அடையாளம் வெச்சுருந்தேன். மரம் இல்ல. பாத இல்ல. எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு." அம்மாவின் மூச்சு விட்டு விட்டு வந்தது. "நீ போட்டோ காட்டும்போது அவருதான்னு நானும் நம்பிட்டேன். பிள்ளைங்க அவருக்குக் கல்லு வெச்சுட்டாங்கன்னு, எங்க தெரு மொத்தமும் சொல்லிட்டேன். நல்லா இருக்குன்னு சொன்னேன். வேற யாரையோ பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிருக்கேன்."

"கீழ தெரியும்னு சொன்னியே."

"பின்ன என்ன சொல்லுவேன்? அவன்கிட்ட போய், என் புருசன எனக்கே அடையாளம் தெரியலன்னு சொல்லவா?"

"எதும்மா?" மேலேயிருந்து கிதே குரல் கொடுத்தான். கையைத் தட்டிக்கொண்டே சரிவின் விளிம்புக்கு வந்தான். மேஸ்திரியும் ஆட்களும் எழுந்து நின்றார்கள். ஒருவன் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டான். "அங்கேருந்தே காட்டு. நாங்க போயிக்கிறோம்."

"சொல்லாத," என்றது காதுக்குப் பக்கத்தில் குரல். "அவன்கிட்ட சொல்லாத."

ஹேசுக் அம்மாவை ஒரு தடவை எக்கி மேலே தூக்கிச் சரிசெய்துகொண்டாள்.

"அம்மா சொல்ல மாட்டேங்குறாங்க," என்றாள், மலை முழுக்கக் கேட்கும்படி. "பாத்துட்டாங்க. எதுன்னு தெரியும். ஆனா தோண்டக் குடுக்க மாட்டாங்க. மேஸ்திரி, நீங்க எதிர் மலைக்குப் போங்க. வெட்டியா நிக்காதீங்க."

பாங் மேஸ்திரி கிதேவைப் பார்த்தார். கிதே தங்கையைப் பார்த்தான், பிறகு அம்மாவை. அவன் கத்துவான் என்று ஹேசுக் தயாராக இருந்தாள். பதில் வார்த்தைகூட வைத்திருந்தாள்.

அவன் கத்தவில்லை. போனை எடுத்தான். தகன மேடையைக் கூப்பிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்றான். இன்னொருவரைக் கூப்பிட்டு, சாயங்காலக் கூட்டத்துக்கு வர முடியாது, நீங்களே நடத்துங்கள் என்றான். எதிராளி ஏதோ கேட்டிருக்க வேண்டும். "திங்கக்கிழமையும் சொல்ல முடியாது," என்று வெட்டினான். மேஸ்திரியிடம் தலையசைத்து அனுப்பிவைத்தான். பிறகு கோட்டைக் கழற்றி முள்ளின்மேல் எறிந்துவிட்டு, அந்தப் பளபளப்பான காலணியோடு மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"சரிம்மா," என்றான். முகம் இன்னும் சிவந்துதான் இருந்தது. "எனக்கு நேரமில்லன்னுதான சொன்ன? இந்தா, நேரம். நீ கைகாட்டுற வரைக்கும் நான் இந்த மலைய விட்டு எறங்க மாட்டேன். நாளைக்கி ஆனாலும் சரி, வாரம் ஆனாலும் சரி. நானும் ஒன் வயித்துல பொறந்தவன்தான். பிடிவாதம் எனக்கும் இருக்கு."

ஜேவொன் மூட்டையோடு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "நானும்தான்," என்றான்.

இரண்டு பேரும் மேலேயிருந்து அம்மாவையே பார்த்தார்கள்.

ஹேசுக்கின் காதில் அம்மாவின் மூச்சு சுட்டது.

"இப்ப என்னடி செய்யிறது?"